14 கிளப் வரை அனுமதி, ஆனால் எந்த 14?

கால்ஃப் கற்றுக்கொடுப்பவர் ஸ்விங்கை, அதாவது கிளப் என்கிற கோலை வீசும் விதத்தைத்தான் பார்ப்பார். கடைக்காரர் அன்று ஸ்டாக்கில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். கூட ஆடுகிற பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அவரவர் பையில் இருப்பதே சரி என்பார்கள். பைக்குள் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது என்று உட்கார்ந்து சொல்ல யாருமில்லாமல் ஆரம்பிக்கிற சென்னைக்காரர் எவரும் கடக்கிற பாதைதான் இது. டிரைவரும் வுட்டும் நீண்ட தூரத்துக்கு, அயர்ன் நடுத் தூரத்துக்கு, வெட்ஜ் கிரீனை நெருங்கிய பிறகு, பட்டர் குழி இருக்கும் அந்தக் கிரீன் என்கிற புல்தரையில் பந்தை உருட்ட. என் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 4 முதல் பிட்சிங் வெட்ஜ் வரையிலான செகண்ட் ஹேண்ட் அயர்ன் செட், அதோடு சேர்த்துக் கொடுத்த 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் 38,000. புது டிரைவர் 52,000. 3-வுட் 27,000. 60 டிகிரி லாப் வெட்ஜ் 14,000. பட்டர் 18,000. பிறகு இதையெல்லாம் சரிசெய்ய வாங்கியவற்றையும் சேர்த்தால் 2 லட்சத்துக்குச் சற்று மேல். அதில் 50,000 ரூபாய்க்கு மேல் சுத்தமாகப் போனது. பணத்தைவிட வலித்தது நேரம். ஒரு வருடத்துக்கு மேல் ஸ்விங்கில்தான் கோளாறு என்று நினைத்து ஸ்விங்கையே மாற்றிக்கொண்டிருந்தால், உள்ளதும் கெட்டுப்போகிறது. கோளாறு பையில் இருந்தது.

சொல்ல வந்ததை ஒரே வரியில் சொன்னால்: கிளப்பின் அடியில் பொறித்திருக்கும் எண் தூரத்தைச் சொல்வதில்லை. முகத்தின் சாய்வுக் கோணம், அதாவது லாஃப்ட்தான் சொல்கிறது. பையை லாஃப்டை வைத்து நிரப்ப வேண்டும். அதுவும் கிரீன் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி, டிரைவரைக் கடைசியாக வைத்து.

எண்ணை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு நடந்த வரலாறு இருக்கிறது. 1980-களின் 7-அயர்னில் லாஃப்ட் 35, 36 டிகிரி இருக்கும். பிட்சிங் வெட்ஜ் 48 முதல் 50. இன்று புதிதாக ஆடுபவர்களுக்கென்று வரும் கேம் இம்ப்ரூவ்மென்ட் வகை செட்களில் 7-அயர்ன் 28 முதல் 30 டிகிரி, பிட்சிங் வெட்ஜ் 42 முதல் 44. பின்பக்கம் குழிவாக்கி எடையைக் கீழே இறக்கியதால் பந்து தானாக மேலே எழும்புகிறது. அதனால் லாஃப்டைக் குறைத்தாலும் உயரம் கிடைக்கிறது, தூரமும் கூடுகிறது. இதில் தப்பொன்றும் இல்லை. பழைய 5-அயர்னின் கோணம் இன்றைய 7-அயர்னுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். சிக்கல் செட்டின் கீழ்முனையில் வருகிறது. சாண்ட் வெட்ஜ் அன்றும் 56, இன்றும் 56. பிட்சிங் வெட்ஜ் மட்டும் 44-க்கு இறங்கிவிட்டதால் நடுவில் 12 டிகிரி பள்ளம் விழுகிறது. நடு வேகத்தில் ஆடுபவருக்கு 4 டிகிரிக்கு 10, 12 யார்டு வித்தியாசம் வரும். 12 டிகிரி என்றால் 30 யார்டுக்கு மேல்.

என் பையில் பிட்சிங் வெட்ஜ் காற்றில் போகும் தூரம் 112 யார்டு. 56 டிகிரி 80 யார்டு. இடையில் எதுவுமே இல்லை. மாடிப்படியில் நடுவே மூன்று படியைப் பெயர்த்து எடுத்த மாதிரி. நீளமாக அடிக்க முடியாத சராசரி ஆட்டக்காரருக்கு, நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஒரு பார்-4 குழியில் இரண்டாவது அடி முடிந்த பிறகு மிஞ்சும் தூரம் பெரும்பாலும் 85-லிருந்து 110 யார்டுக்குள்தான். பையில் ஆளில்லாத அதே இடம். ஒவ்வொரு முறையும் பிட்சிங் வெட்ஜை முக்கால் ஸ்விங்கில் அடிக்க வேண்டும், அல்லது 56-ஐ முழு பலத்தோடு வீச வேண்டும். முதலாவது செய்தால் பயத்தில் கை நின்றுபோய்ப் பந்து குறைவாக விழும். இரண்டாவது செய்தால் பந்து நெட்டுக்குத்தாக மேலே போய் மணல் பள்ளமான பங்கரில் இறங்கும். கிரீனுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்வதைப் போல மனதை வெறுக்கவைப்பது வேறொன்றுமில்லை. 50 டிகிரி கேப் வெட்ஜ் ஒன்று, 13,000 ரூபாய், அந்த எரிச்சல் முழுவதையும் தீர்த்துவிட்டது. 44, 50, 56 என்று ஆறாறு டிகிரி இடைவெளி. தூரம் 112, 97, 80.

ஆகவே செட் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட் எத்தனை?’ என்பதுதான். விற்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மாடலின் பெயரைக் குறித்துக்கொண்டால் தயாரிப்பாளர்கள் வெளியிடும் விவரப் பட்டியலில் எல்லா கிளப்பின் லாஃப்டும் இருக்கும். பழைய கிளப் என்றால் லாஃப்டையும், லை என்கிற, கிளப்பின் தண்டு தரையோடு சேரும் கோணத்தையும் அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. இரும்பு வளையும், குறிப்பாக ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து வடித்த, அயர்ன்கள். ஆண்டுக்கணக்கில் தரையில் அடித்ததில் ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்திருக்கும். 8-உம் 9-உம் ஒரே தூரம் போகிறது என்று குழம்புகிறவர்களில் சிலருக்கு விடை இதுதான்.

அடுத்து, உங்கள் தூரங்களை நீங்களே அளக்க வேண்டும். பந்தின் வேகத்தையும் தூரத்தையும் காட்டும் லாஞ்ச் மானிட்டர் கருவி வைத்து அளக்க வசதி இருந்தால் ஒரு மணி நேரக் கட்டணம் தாராளமாகக் கொடுக்கலாம். இல்லையென்றால் டிரைவிங் ரேஞ்ச் என்கிற பயிற்சித் திடலும் தூரம் காட்டும் ஒரு லேசர் ரேஞ்ச்ஃபைண்டரும் போதும். ஒவ்வொரு கிளப்பிலும் 10 பந்து. தவறிப்போன இரண்டு, அதிர்ஷ்டத்தில் பறந்த இரண்டு, இந்த நான்கையும் விட்டுவிட்டு மீதி ஆறின் சராசரியை எழுதுங்கள். பந்து உருண்டு நின்ற இடம் வேண்டாம், விழுந்த இடம்தான் கணக்கு. கோடையில் காய்ந்த தரையில் உருளுவதைச் சேர்த்து எழுதிவைத்தால் மழைக்காலத்தில் அந்தத் தாள் குப்பை. ரேஞ்ச் பந்துகள் அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்தவை, நல்ல பந்தைவிடக் குறைவாகவே போகும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இங்கே தேடுவது ஒரு கிளப்புக்கும் அடுத்த கிளப்புக்கும் உள்ள வித்தியாசத்தை. எல்லாம் ஒரே மாதிரிக் குறைந்தால் வித்தியாசம் பெரிதாக மாறாது. களைத்த பிறகு அளக்காதீர்கள். சிறிய கிளப்பிலிருந்து பெரியதுக்குப் போனால் டிரைவர் வரும்போது கை ஓய்ந்திருக்கும், அதனால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தாளைப் பார்க்கும்போது இரண்டு கிளப்புகளுக்கு நடுவே 5 யார்டுதான் வித்தியாசம் என்றால் அதில் ஒன்று வீணாகப் பையில் இருக்கிறது. வெட்ஜ் பகுதியில் 18 யார்டுக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அங்கே ஓட்டை. நீளமான கிளப்புகளில் 20 யார்டு இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை, அந்தத் தூரத்தில் அவ்வளவு துல்லியம் நமக்கு இல்லை.

இப்படி அளக்கும்போது பலருக்கு அதிர்ச்சி தருவது மேல்முனைதான். டிரைவர் ஸ்விங் வேகம் மணிக்கு 90 மைலுக்குக் கீழே இருக்கும் ஒருவர் 15 டிகிரி 3-வுட்டைப் புல்லில் வைத்து அடித்தால், 18 டிகிரி 5-வுட் போகும் தூரமே போகும். பல நாள் அதைவிடக் குறைவாகவே போகும். காரணம் எளிது. குறைந்த லாஃப்ட் வேலை செய்ய வேகம் வேண்டும். வேகம் இல்லையென்றால் பந்து போதுமான உயரத்துக்கு ஏறுவதில்லை, காற்றில் தாங்கி நிற்கும் சுழற்சியும் கிடைப்பதில்லை, சட்டென்று விழுந்துவிடுகிறது. 3-அயர்ன், 4-அயர்ன் கதையும் இதேதான். அவற்றின் பின்னால் நிற்பது வீம்பைத் தவிர வேறில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். இன்றைய செட்டின் 5-அயர்னே 22 டிகிரி. அந்தக் காலத்து 3-அயர்ன் அளவுக்கு நிமிர்ந்த முகம் அது. அதை விட்டுவிட்டு, வுட்டும் அயர்னும் கலந்த வடிவமான ஹைபிரிட்டில் 22 டிகிரி ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

ஹைபிரிட்டா, சின்ன வுட்டா என்பதில் குழப்பம் வரும். ஒரே லாஃப்டில் வுட்டின் ஷாஃப்ட், அதாவது தண்டு, ஏறத்தாழ இரண்டு அங்குலம் நீளம். அதனால் வேகமும் உயரமும் கூடும், கிரீனில் மெதுவாக இறங்கும். பந்தை மேலிருந்து கொத்துவது போல் அடிக்காமல் துடைத்தாற்போல் அடிப்பவருக்கு அது ஒத்துவரும். ஹைபிரிட் குட்டை, அகலம் குறைவு. ரஃப்பில் அடர்ந்த புல்லை வெட்டிக்கொண்டு வரும், செங்குத்தாக இறங்கி அடிப்பவருக்கு ஏற்றது. சென்னையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். அதற்கு எதிரே உயரமாகப் போகும் 7-வுட் பந்து நின்று திரும்பி வருவதைப் போல விழும். நந்தனம் போன்ற சமதரை மைதானத்தில் மாலை ஆடுபவர் தாழப் பறக்கும் ஹைபிரிட்டை வைத்திருப்பது நல்லது. காலை ஆறு மணிக்கு ஆடி முடித்துவிடுபவருக்கு வுட் போதும். நான் 3-வுட்டைப் பாதி விலைக்கு விற்று, பழைய 5-வுட் ஒன்றை 12,000-க்கும் 22 டிகிரி ஹைபிரிட்டை 10,000-க்கும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து 3-வுட் விலையைவிடக் குறைவு.

டிரைவரில் எல்லோரும் பார்ப்பது பிராண்டும் புதுமையும். பார்க்க வேண்டியவை லாஃப்டும் நீளமும். 9 டிகிரி வாங்கினால் நல்ல ஆட்டக்காரர் என்று ஒரு எண்ணம் இங்கே உண்டு. வேகம் 90 மைலுக்குக் கீழே இருப்பவருக்கு 10.5-இல் தொடங்கி 12 வரை போனால்தான் பந்து காற்றில் நிற்கும். லாஃப்ட் கூடும்போது பக்கவாட்டுச் சுழற்சியின் தாக்கமும் குறைகிறது, வலப்பக்கம் வளைந்து போகும் பந்துக்கு அதுவே பாதி மருந்து. நீளத்தைப் பொறுத்தவரை விதிப்படி 48 அங்குலம் உச்சம். 2022 முதல் தொழில்முறைப் போட்டிகளில் 46 அங்குலம் என்று உள்விதி கொண்டுவரவும் இடமளித்திருக்கிறார்கள். கடையில் விற்பது 45.5 அல்லது அதற்கும் மேல். பல தொழில்முறை ஆட்டக்காரர்களே அதைவிடக் குட்டையானதை வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். முகத்தின் நடுவில் படாத பந்துக்கு நீளத்தால் லாபமில்லை. முதலில் ஓர் அங்குலம் கீழே பிடித்து ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். பிடித்துப்போனால் மட்டும் ஷாஃப்டை வெட்டுங்கள். அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங்வெயிட், அதாவது வீசும்போது தலை கையில் கனக்கும் அளவு, மூன்று புள்ளி குறைந்து தலை இலகுவாகத் தெரியும். ஒரு புள்ளிக்கு 2 கிராம் வீதம், 6 கிராம் ஈய டேப்பைத் தலையின் அடியில் ஒட்டினால் பழைய உணர்வு திரும்பிவிடும். வெட்டுபவர்கள் இதைச் செய்து தருவதில்லை, கேட்டு வாங்க வேண்டும்.

வெட்ஜுக்கு லாஃப்ட் மட்டும் போதாது, பவுன்ஸ் என்ற இன்னொரு கோணமும் உண்டு. கிளப்பைத் தரையில் வைத்தால் அடிப்பாகத்தின் பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் பவுன்ஸ். 4 முதல் 6 டிகிரி குறைவு, 7 முதல் 10 நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். பவுன்ஸ் அதிகமானால் கிளப் மண்ணில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். இளகிய மண்ணுக்கும் பொலபொலவென்ற மணலுக்கும் அது வேண்டும். ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் சென்னைத் தரை சிமென்ட் போல இறுகிக் கிடக்கும்போது 14 டிகிரி பவுன்ஸ் உள்ள வெட்ஜ் தரையில் பட்டு எகிறும், முன்விளிம்பு பந்தின் வயிற்றில் அடிக்கும், 20 யார்டு போக வேண்டிய பந்து கிரீனைத் தாண்டி 40 யார்டு ஓடும். அதே ஆள் ஐப்பசி, கார்த்திகை மழையில் 4 டிகிரி பவுன்ஸோடு போனால் கிளப் சேற்றில் சொருகிக்கொண்டு பந்து காலடியிலேயே கிடக்கும். இரண்டு பருவத்துக்கும் ஒரே வெட்ஜ் வேண்டுமென்றால் 50-க்கு 8, 56-க்கு 10 என்று நடுவில் நிற்பதுதான் வழி. வாங்கும் முன் உங்கள் மைதானத்துப் பங்கரில் காலை அழுத்திப் பாருங்கள். பாதம் புதைந்தால் பவுன்ஸைக் கூட்டுங்கள், ஒரு விரல் ஆழத்திலேயே கெட்டியாக நின்றால் குறையுங்கள். இந்த எண் வெட்ஜின் மேலேயே லாஃப்டுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும். ‘56.10’ என்றால் 56 லாஃப்ட், 10 பவுன்ஸ். சில மாடல்களில் அது இருக்காது, பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

60 டிகிரி லாப் வெட்ஜைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். ஹேண்டிகேப், அதாவது நிர்ணயித்த அடிகளைவிடப் பொதுவாக எத்தனை கூடுதலாக எடுக்கிறோம் என்று காட்டும் எண், 18-க்கு மேல் இருப்பவர் அதை வாங்க வேண்டாம். 60 யார்டு போக முழு ஸ்விங் வேண்டும். அவ்வளவு சாய்ந்த முகத்தில் அரை அங்குலம் தவறினால் கிளப் பந்துக்கு அடியில் நழுவிப் போய்விடும். தொலைக்காட்சியில் பார்த்து ஆசை வருவது இயல்புதான், ஆனால் அவர்கள் நாள் முழுக்க அதையே பயிற்சி செய்பவர்கள். 56-இன் முகத்தைச் சற்றுத் திறந்து வைத்தால் 60 செய்கிற வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும்.

பட்டர்தான் ஓர் ஆட்டத்தில் அதிகமாகக் கையில் எடுக்கும் கிளப். ஆனாலும் அதில் அதிகம் சொல்ல இல்லை. நீளம் சரியாக இருந்தால், அதாவது குனிந்து நிற்கும்போது கண் பந்துக்கு நேர் மேலேயோ சற்று உள்ளேயோ இருந்தால், எந்த வடிவமும் உதவும். பெரும்பாலானவர்களுக்கு 33, 34 அங்குலம் போதும். கடைகளில் 35 அங்குலமே கிடைப்பதால் அதையே வாங்கிக் கை மடக்கி ஆடுகிறோம். நேர்கோட்டில் ஆட்டுபவருக்கு முகம் மேலே பார்த்து நிற்கும் ஃபேஸ் பேலன்ஸ்டு மேலட் என்கிற பெரிய தலை, வளைவாக ஆட்டுபவருக்கு முனை கீழே தொங்கும் பிளேடு என்கிற மெல்லிய தலை. விரலின் மேல் ஷாஃப்டைக் கிடத்திப் பார்த்தால் எது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

பழைய கிளப் வாங்குவது தவறே இல்லை, ஆனால் பார்த்து வாங்க வேண்டும். தலையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். கடகடவென்றால் உள்ளே பசை உதிர்ந்திருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்டீல் ஷாஃப்ட் தலைக்குள் நுழையும் இடத்தில் துருப்பிடிக்கும். அந்தக் கறுப்பு வளையத்துக்கு மேலே நகத்தால் கீறிப் பாருங்கள், செதில் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள், ஒருநாள் ஆட்டத்தின் நடுவே முறியும். வெட்ஜின் கோடுகளில் நகம் மாட்ட வேண்டும். வழுக்கினால் அந்த முகம் தேய்ந்துவிட்டது, பந்து நிற்காது. போலிகளும் நிறைய வருகின்றன. புது மாடல் டிரைவர் பாதி விலைக்கு வந்தால் ஒரு சின்னக் காந்தத்தை முகத்தில் வைத்துப் பாருங்கள். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது டைட்டானியம் இல்லை. செட்டில் எல்லா கிளப்பின் எழுத்துருவும் ஒன்றா, கழுத்தில் சீரியல் எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

லை கோணத்தை யாரும் பார்ப்பதில்லை, நானும் ரொம்பத் தாமதமாகத்தான் இதற்கு வந்தேன். பந்தில் அழியும் மார்க்கரால் ஒரு செங்குத்துக் கோடு தடிமனாகப் போட்டு, கோடு கிளப் முகத்தைப் பார்க்கும்படி வைத்து 7-அயர்னில் அடியுங்கள். முகத்தில் கோடு பதியும். நேராக நின்றால் சரி. கோட்டின் மேல்முனை கிளப்பின் நுனிப்பக்கம் சாய்ந்தால் கிளப் தேவைக்கு மேல் நிமிர்ந்திருக்கிறது, வலதுகைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். பிடிப்பக்கம் சாய்ந்தால் படுத்திருக்கிறது, வலப்பக்கம் போகும். ஓரிரு டிகிரியைப் பெரும்பாலான அயர்ன்களில் வளைத்துச் சரிசெய்யலாம். மாதக்கணக்கில் ஸ்விங்கில் தேடிய கோளாறு சிலருக்கு இந்த ஐந்து நிமிடச் சோதனையில் அகப்படும்.

எண்ணிக்கை விதிக்கு வருவோம். 14 என்ற வரம்பை, கால்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ 1938-இலும், ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ 1939-இலும் கொண்டுவந்தன. அதற்கு முன் இருபதுக்கு மேல் சுமந்தவர்கள் உண்டு, சுமந்தது பை தூக்கும் கேடிகள்தான். 15 கிளப்போடு தொடங்கிவிட்டால் மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே ஆட்டத்தில் அப்படி ஆடிய ஒவ்வொரு குழிக்கும் ஸ்கோரில் 2 அடி தண்டம், ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 4. 2001 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின் கடைசி நாளில் ராயல் லித்தம் மைதானத்தில் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவரான இயன் வூஸ்னம், முதல் குழியைப் பேர்டியாக, அதாவது நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவாக முடித்துவிட்டு, இரண்டாவது குழியைத் தொடங்கும் இடமான டீக்கு வந்தபோதுதான் பையில் இரண்டு டிரைவர்கள் இருப்பது தெரிந்தது. பயிற்சியின்போது சோதித்துப் பார்த்த டிரைவர் அது. அந்த மைதானத்தில் முதல் குழி பார்-3, டிரைவருக்கு வேலையில்லை, அதனால் முன்பே கண்ணில் படவில்லை. 2 அடி போனது, கடைசியில் மூன்றாம் இடத்தைப் பலரோடு பகிர்ந்துகொண்டார். ரேஞ்சில் நண்பரின் கிளப்பை வாங்கி அடித்துப் பார்த்துவிட்டு அப்படியே பையில் சொருகும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. முதல் டீயில் எண்ணிவிடுங்கள். நடுவில் தெரியவந்தால் அடுத்த அடிக்கு முன் அந்தக் கிளப்பை ஆட்டத்திலிருந்து விலக்குவதாக, நம் ஸ்கோரை எழுதும் மார்க்கரிடம் சொல்லிவிட வேண்டும், அல்லது பையில் தலைகீழாகச் செருகிவைக்க வேண்டும். 14-க்குக் குறைவாகத் தொடங்கினால் நடுவில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கடன் வாங்கக் கூடாது. கிரீன் ஓரத்திலிருந்து சின்ன அடி அடிக்க, இருபக்கமும் முகம் உள்ள சிப்பர் என்ற கிளப் ஒன்றைப் புதியவர்களிடம் விற்பார்கள். பட்டருக்கு மட்டுமே இரண்டு முகம் அனுமதி. அதைப் போட்டியில் ஓர் அடி அடித்தாலும் தகுதிநீக்கம்.

14 வரை போகலாம் என்பதால் 14 வேண்டும் என்பதில்லை. அமெரிக்க ஆட்டக்காரர் சிக் எவன்ஸ் 1916 யு.எஸ். ஓப்பன் போட்டியை ஏழே கிளப்புகளோடு வென்றார், அதுவும் மரக்கம்பு ஷாஃப்டுகளோடு. 14 கிளப்புகள் மட்டும் 5.5 கிலோவுக்கு மேல் வரும். பை, பந்து, தண்ணீர், குடை சேர்த்தால் 12 கிலோவைத் தொடும். கேடி சுமந்தாலும் டிராலி இழுத்தாலும் வெயிலில் அந்த எடை ஒருவர் உடம்பில்தான் இறங்குகிறது. எதை விடுவது என்று தெரிய, நாலைந்து ஆட்டங்களுக்கு ஸ்கோர் கார்டின் ஓரத்தில் ஒவ்வொரு அடிக்கும் எந்தக் கிளப் என்று ஓர் எழுத்துப் போட்டு வாருங்கள். ஒருமுறைகூட வராத கிளப் இரண்டு மூன்று இருந்தே தீரும். என் பையில் இப்போது 12 டிகிரி டிரைவர், 18 டிகிரி 5-வுட், 22 டிகிரி ஹைபிரிட், 6 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை ஐந்து அயர்ன், 50, 56, பட்டர். மொத்தம் 11.

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஆடப் போகிறவர்கள் தாளைத் திருத்திக்கொண்டு போக வேண்டும். இரண்டும் 2,000 மீட்டருக்கு மேலே. காற்று அடர்த்தி குறைவு. ஊட்டி உயரத்தில் பந்து ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாகப் போகும். 150 யார்டு கிளப் 160-ஐத் தாண்டும், காலைக் குளிர் அதில் கொஞ்சத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஏற்ற இறக்கத்தில் நடக்கவும் வேண்டியிருப்பதால் 5-வுட்டை அறையிலேயே வைத்துவிட்டுப் போகலாம், டிரைவரும் ஹைபிரிட்டும் போதும். 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் மைதானம் போன்ற இடங்களில் பந்து சரிவில்தான் கிடக்கும். பாதத்துக்கு மேலே கிடக்கும் பந்துக்குக் கிளப்பைக் குறுக்கிப் பிடிக்க வேண்டும், அப்படிப் பிடித்தால் தூரம் குறையும். அங்கே 9-அயர்னுக்குப் பதில் 8-ஐக் குறுக்கிப் பிடிப்பது நல்ல வழி.

புதிதாகத் தொடங்குபவர் கையில் 60,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் இந்த வரிசையில் செலவிடுங்கள். முதலில் பழைய 6 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை, லாஃப்ட் தெரிந்த மாடல், 25,000-க்குள். பிறகு அந்தப் பிட்சிங் வெட்ஜிலிருந்து ஆறு டிகிரி தள்ளி ஒன்று, அதிலிருந்து ஆறு தள்ளி இன்னொன்று என இரண்டு பழைய வெட்ஜ், 12,000-க்கு முயலுங்கள். சரியான நீளத்தில் ஒரு பட்டர் 7,000. 22 டிகிரி ஹைபிரிட் ஒன்று 8,000. மிச்சமிருப்பதில் ஒரு பழைய 5-வுட், முதல் ஆறு மாதம் டீயிலிருந்தும் அதையே அடியுங்கள். பத்து கிளப் ஆகிவிட்டது. டிரைவர் வாங்கும் பணத்தை அதுவரை வங்கியிலேயே வையுங்கள், வேகத்தை அளந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.